இருமலுக்கு முன்பு புரையேறியதா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பொருள்களை வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைகளுக்கு அவை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். பொத்தான், மணி, விளையாட்டுப் பொருளின் உதிரி என எவற்றையெல்லாம் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், வளர்ந்தவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்ற பொருளில் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒரு பிளாஸ்டிக் துண்டை வலது நுரையீரலுக்குள் வைத்துக்கொண்டு, அது உள்ளே இருப்பதே தெரியாமல் பதினொரு மாதங்கள் வாழ்ந்தவன் நான். அப்போது எனக்கு வயது 56.

நான் கணக்கராக வேலை பார்த்தவன். ஆண்டுக் கணக்கை முடிக்கும் பரபரப்பான நாளொன்றில், தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேனா வாயில் இருந்தது. பேனாவின் அடிப்பக்கத்தை அடைத்திருக்கும் சிறு குமிழைப் பல்லால் நெருடிக்கொண்டிருப்பது எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். எதிர்முனையில் பேசியவர் வேடிக்கையாக ஏதோ சொன்னார், வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்கும்போது நாம் எல்லோரும் சட்டென்று ஒரு மூச்சை ஆழமாக உள்ளே இழுப்போம் அல்லவா, அந்த மூச்சோடு குமிழும் உள்ளே போய்விட்டது. கண்ணில் நீர் கொட்ட, முகம் சிவக்க, ஐந்து நிமிடங்களுக்கு மேல் இருமினேன். பக்கத்து மேசைக்காரர் முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தார். இருமல் மெல்ல அடங்கியது. பேனாவைப் பார்த்தால் குமிழைக் காணோம். மேசைக்கு அடியிலும் தேடினேன், கிடைக்கவில்லை. விழுங்கியிருப்பேன், வயிற்றுக்குள் போனது இரண்டொரு நாளில் தானாக வெளியேறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். வீட்டில் சொல்லவில்லை. இந்த வயதில் பேனாவைக் கடித்து விழுங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திற்கு நான் கொடுத்த விலை பெரிது.

பெரியவர்களின் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது இந்த அமைதிதான். வெளிப்பொருள் குரல்நாண்களைக் கடக்கும்போது உடல் தன் முழு வலிமையோடும் அதை எதிர்க்கிறது. மூச்சு முட்டும், அடக்க முடியாத இருமல் வரும், சிலருக்கு வாந்தியும் வரும். ஆனால், பொருள் ஒரு கிளைக்குழாயில் போய் நிலைத்து உட்கார்ந்துவிட்டால், அந்த இடத்தின் உணர்ச்சி சிறிது நேரத்தில் மந்தமாகி, இருமல் ஓய்ந்துவிடுகிறது. குழந்தையின் மூச்சுப் பாதை குறுகலானது. சிறு பொருள்கூட அதை அடைத்து உயிருக்கே உலை வைத்துவிடும். வளர்ந்தவரின் மூச்சுப் பாதை அகலமானது என்பதால், அதே பொருள் மூச்சை முழுவதும் அடைக்காமல், இன்னும் ஆழத்திற்கு நழுவிச் சென்று, ஒரு நுரையீரலின் ஒரு பகுதிக்குச் செல்லும் வழியை மட்டும் மறித்துக்கொண்டு நிற்கும். மீதமுள்ள நுரையீரல் வேலை செய்துகொண்டே இருப்பதால், ஆள் நடமாடுகிறார், சாப்பிடுகிறார், அலுவலகம் போகிறார். இருமல் நின்றுவிட்டது, ஆகவே பொருள் வெளியே வந்திருக்கும் அல்லது வயிற்றுக்குள் போயிருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்த இயல்பான நினைப்பு பல சமயங்களில் தவறு.

மூச்சுக்குழாய் மார்புக்குள் இரண்டாகப் பிரியும் இடத்தில், வலது கிளை அகலமாகவும், சுமார் 2.5 செ.மீ. நீளமே உடையதாகவும், ஏறத்தாழ நேர்க்கோட்டில் கீழ்நோக்கியும் செல்கிறது. இடது கிளை சுமார் 5 செ.மீ. நீளமுடையது, குறுகலானது, பக்கவாட்டில் சாய்ந்து செல்வது. நிற்பவரோ உட்கார்ந்திருப்பவரோ எதையாவது உள்ளிழுத்துவிட்டால், அது பெரும்பாலும் வலப்பக்கம்தான், அதிலும் நுரையீரலின் கீழ்ப்பகுதியான கீழ்மடலை நோக்கித்தான் போகும். என் குமிழும் அங்கேதான் போயிருந்தது.

ஒரு மாதம் கழித்து வறட்டு இருமல் தொடங்கியது. மருந்து சாப்பிட்டேன், குறைந்தது. மருந்தை நிறுத்தினேன், திரும்பி வந்தது. மூன்றாம் மாதம் குளிரும் காய்ச்சலும். எக்ஸ்ரேயில் வலது கீழ்மடலில் நிழல் தெரிந்தது, நிமோனியா என்றார்கள், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் சரியானது. பிறகு இரவில் வீசிங் வரவே, ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று இருமுறை சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. எட்டாம் மாதம் மறுபடியும் நிமோனியா, அதே வலது கீழ்மடலில். இடையில் ஒருநாள் சளியோடு இரத்தம் கலந்து வந்தது. மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவரையும் நான் குறை கூறவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த அறிகுறிகளுக்கு உரிய சிகிச்சையைத்தான் அளித்தார்கள். ஆனால், ஒருவரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அதற்குள் நான் அந்தச் சம்பவத்தை மறந்தே போயிருந்தேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் நான்காவதாகப் பார்த்த நுரையீரல் மருத்துவர். அவர் முதலில் என் பழைய படங்களை எல்லாம் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை இடப்பக்க முதுகில் வைத்து, மூச்சை முழுவதும் வெளியே விடச் சொன்னார். அடுத்து வலப்பக்க முதுகின் கீழ்ப்பகுதியில் வைத்து அதையே செய்யச் சொன்னார். மறுபடியும் இடம், மறுபடியும் வலம். "ஐயா, ஆஸ்துமா என்றால் இரண்டு பக்கமும் விசில் சத்தம் கேட்க வேண்டும். உங்களுக்கு வலது கீழ்ப்பக்கம் மட்டும்தான் கேட்கிறது. நிமோனியாவும் இரண்டு முறையும் அதே இடத்தில் வந்திருக்கிறது. வாயில் எதையாவது வைத்திருந்தபோது எப்போதாவது பலமாகப் புரையேறியதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். பேரேடும், தொலைபேசியும், அந்தச் சிரிப்பும் அப்படியே கண்முன் வந்தன.

எக்ஸ்ரேயில் ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று கேட்டேன். உலோகமும் பல்லும் எலும்பும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும்; பிளாஸ்டிக், மரத்துண்டு, விதை, கொட்டைப் பருப்பு ஆகியவற்றை ஊடுருவிக் கதிர் போய்விடுவதால் அவை பெரும்பாலும் தெரியாது என்று விளக்கினார். பொருளால் உண்டான விளைவுதான் படத்தில் தெரியும், பொருள் தெரியாது. பல் செட்டுகளில் பயன்படும் அக்ரிலிக்குக்கும் இதே குணம் உண்டாம். உடைந்த பல் செட்டின் துண்டு நுரையீரலுக்குள் இருந்தும் படம் சுத்தமாகத் தோன்றக்கூடும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதாலேயே உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். எனக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கிளைக்குழாயை ஏதோ ஒரு சதை அடைத்திருப்பதாக அறிக்கை வந்தது. வெளிப்பொருளைச் சுற்றி உடல் நாளடைவில் சதையை வளர்த்துவிடும். அது பார்ப்பதற்குக் கட்டியைப் போலவே இருக்கும். புற்றுநோயாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு நான்கு நாள்கள் காத்திருந்தோம். அந்த நான்கு இரவுகளில் என் மனைவி தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் பிராங்கோஸ்கோபி செய்தார்கள். தொண்டையை மரக்கச் செய்து, மயக்கம் தரும் ஊசி போட்டு, விரலைவிட மெல்லிய வளையும் குழாயை மூக்கின் வழியாகச் செலுத்தினார்கள். அந்தச் சதையை விலக்கியபோது நீல நிறத்தில் ஏதோ தெரிந்ததாக மருத்துவர் பிறகு சொன்னார். இடுக்கியால் பிடித்தபோது முதலில் வழுக்கியது. கம்பிக்கூடை ஒன்றை விரித்து அதற்குள் சிக்கவைத்து எடுத்தார்கள். குமிழின் விளிம்பில் என் பல்தடம்கூட அழியாமல் இருந்தது. இரண்டு வாரத்தில் இருமல் போயிற்று. இன்ஹேலர் தேவையே இல்லாமல் போயிற்று.

குணமான பிறகு இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பெரியவர்களின் மூச்சுக்குழாயில் பொருள் சிக்குவது புதிய செய்தியே அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. ரயில் பாதைகளையும் பாலங்களையும் கப்பல்களையும் கட்டிப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் பொறியாளர் பிரூனல், 1843-இல் குழந்தைகளுக்கு வித்தை காட்டும்போது வாயில் வைத்திருந்த அரை சவரன் தங்க நாணயத்தை உள்ளிழுத்துவிட்டார். அது அவருடைய வலது கிளைக்குழாயில் சிக்கியது. அவரைப் பலகையில் கட்டித் தலைகீழாகத் திருப்பினார்கள். மூச்சுத் திணறியதால் நிறுத்தினார்கள். கழுத்தில் துளையிட்டு இடுக்கியால் எடுக்க முயன்றார்கள், கிட்டவில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின், அந்தத் துளை திறந்திருந்த நிலையில் மீண்டும் தலைகீழாக்கியபோதுதான் நாணயம் வெளியே வந்து விழுந்தது. இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் தலைகீழாகத் தொங்கவிட முயல வேண்டாம்; கீழே அமைதியாகக் கிடந்த பொருள் மேலேறிக் குரல்வளையை அடைத்தால் உயிர் போய்விடும். 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கிலியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழாய் செலுத்தி எடுத்தார். பிராங்கோஸ்கோபி என்ற மருத்துவ முறையின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். அந்த விவசாயிக்கு வயது 63. இந்தச் சிகிச்சையே ஒரு முதியவரிடத்தில்தான் தொடங்கியிருக்கிறது என்றால், பெரியவர்களுக்கு இது வராது என்று எப்படி எழுத முடியும்?

என் நிலைக்குக் காரணம் ஒரு கெட்ட பழக்கம். ஆனால், எந்தத் தவறும் செய்யாமலேயே இந்த ஆபத்துக்கு ஆளாகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து, அதன் மூடி சாய்ந்து, மூச்சுப் பாதை நொடிப்பொழுது அடைபட வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கும், பார்க்கின்சன் நோயாளிகளுக்கும், மறதிநோய் முற்றியவர்களுக்கும் இந்த ஒத்திசைவு குலைந்துபோகிறது. அவர்களில் பலருக்கு உணவு தவறான வழியில் போனாலும் இருமல்கூட வருவதில்லை. அருகில் அமர்ந்து ஊட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவேதான் பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்த பிறகே வாய்வழியாக உணவோ மாத்திரையோ கொடுக்க வேண்டும் என்கிறார்கள். மது, தூக்க மாத்திரை, வலிப்பு, தலையில் அடிபட்டு நினைவிழத்தல் ஆகியவையும் இந்தக் காவலைத் தளர்த்திவிடுகின்றன. அரைத் தூக்கத்தில் இருக்கும் முதியவரைப் படுத்தவாக்கில் வைத்து மாத்திரை கொடுப்பதை வீடுகளில் நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நிமிர்த்தி உட்காரவைத்து, நன்றாக விழித்துக்கொண்டாரா என்று பார்த்துவிட்டுக் கொடுக்க இன்னும் இரண்டு நிமிடம் போதும். இரும்புச்சத்து மாத்திரை மூச்சுக்குழாயில் சிக்கினால் அங்கேயே கரைந்து சவ்வைப் புண்ணாக்கிவிடும். பிறகு தேடினால் மாத்திரை இருக்காது, புண்ணும் அதனால் சுருங்கிய குழாயும் மட்டுமே இருக்கும்.

பல் மருத்துவரின் நாற்காலியையும் இங்கே சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்த நிலையில், வாய் மரத்திருக்கும்போது, கழன்ற பல்லோ பல்லுக்குப் போடும் உறையோ சிறு கருவியோ தொண்டைக்குள் நழுவுவது உண்டு. ரப்பர் திரையை விரித்து வேலை செய்வதும், சிறு கருவிகளில் நூல் கட்டி வைப்பதும் இதைத் தடுப்பதற்குத்தான். அப்படி ஏதாவது காணாமல் போய்க் கையில் கிடைக்கவில்லை என்றால், நோயாளிக்கு இருமல் இல்லாவிட்டாலும் அன்றே மார்புக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் முறை. தளர்ந்த பல் செட்டைச் சரிசெய்யாமல் போட்டுக்கொண்டிருப்பவர்களும், அதைக் கழற்றாமல் தூங்குபவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஊசியையும் ஆணியையும் திருகாணியையும் உதட்டில் இடுக்கிக்கொண்டு வேலை செய்யும் தொழிலாளிகளுக்கும் இது பொருந்தும். ஒரு தும்மல் போதும். இன்னொன்றும் உண்டு. இன்ஹேலரை மூடியில்லாமல் சட்டைப்பையிலோ கைப்பையிலோ போட்டு வைத்தால், அதன் வாய்ப்பகுதிக்குள் நாணயம் போன்ற சிறு பொருள் புகுந்துவிடக்கூடும். மூச்சுத் திணறும் அவசரத்தில் பார்க்காமல் இழுப்பவர், மருந்தோடு அதையும் இழுத்துவிடுவார்.

இதுவரை நான் எழுதியது மெல்ல வரும் ஆபத்தைப் பற்றி. நிமிடக் கணக்கில் உயிரைப் பறிக்கும் ஆபத்தும் பெரியவர்களுக்கு உண்டு. பொருள் பெரியதாக இருந்து குரல்வளையையே அடைத்துவிட்டால், அவரால் பேச முடியாது, இரும முடியாது, சத்தமே வராது. இரண்டு கைகளும் தாமாகக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பலமாக இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பவரை இருமவே விட வேண்டும். இருமலைவிடச் சிறந்த மருந்து அந்த நேரத்தில் இல்லை. தண்ணீர் கொடுக்கக்கூடாது. எனக்கு அன்பு மிகுந்து தண்ணீர் கொடுத்த நண்பருக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. சத்தம் நின்றுவிட்டால்தான் நாம் இறங்க வேண்டும். அவரை முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். பொருள் வரவில்லை என்றால், அவருக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையின் விரல்களை இறுக மடக்கிய கைமுட்டியை வைத்து, மற்றொரு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வேகமாக அழுத்தி இழுக்க வேண்டும். பொருள் வெளிவரும் வரை இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். 1974-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் எழுதி வெளியிட்டது இந்த வயிற்றழுத்த முறைதான்.

கர்ப்பிணிகளுக்கும், கைகளால் சுற்றி வளைக்க முடியாத அளவு உடல் பருத்தவர்களுக்கும் வயிற்றுக்குப் பதிலாக நெஞ்செலும்பின் நடுவில் அழுத்த வேண்டும். அவர் நினைவிழந்து சாய்ந்தால், தரையில் படுக்கவைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, உடனே சி.பி.ஆர். எனப்படும், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குப் பொருள் தெரிந்தால் மட்டுமே வாயில் விரலை விடலாம். தெரியாமல் துழாவினால் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். வயிற்றை அழுத்திப் பிழைக்கவைத்தவர் எவ்வளவு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். அழுத்தத்தில் உள்ளுறுப்பு காயப்பட்டிருக்கலாம். பொருளின் ஒரு துண்டு கீழே போயிருக்கவும் கூடும்.

மருத்துவர்களுக்கு நான் அறிவுரை சொல்லத் தகுதியுடையவன் அல்லன். நோயாளியாக ஒரு வேண்டுகோளை மட்டும் வைக்கிறேன். விடாத இருமலோடு வரும் பெரியவரிடம் 'எதையாவது விழுங்கினீர்களா' என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும்; என்னிடம் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். 'இருமல் தொடங்குவதற்கு முன்பு, வாரங்களோ மாதங்களோ முன்பு, பலமாகப் புரையேறியதா, அப்போது வாயில் என்ன இருந்தது' என்று கேளுங்கள். பேச முடியாத நோயாளியாக இருந்தால், உணவு ஊட்டுபவரைக் கேளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் மருத்துவப் பக்கங்கள் ஒன்றில், தகுந்த மருத்துவர் ஒருவரைக் கொண்டு, பெரியவர்களுக்கான இந்த முதலுதவி முறையைப் படங்களோடு வெளியிடுங்கள். தனியாக வாழும் முதியவர்கள் பெருகியிருக்கும் காலம் இது. அருகில் யாரும் இல்லாதபோது மூச்சு அடைத்தால், நாற்காலி முதுகின் மேல்விளிம்பில் வயிற்றின் மேற்பகுதியைப் பதித்து, தன் உடல் எடையாலேயே வேகமாக அழுத்திக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அந்தப் படத்தையும் மறக்காமல் சேர்க்க வேண்டுகிறேன். எந்த உயரத்தில், எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பதை எழுத்தில் சொல்வதைவிடப் படத்தில் காட்டுவதே தெளிவாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கர்